மாற்று டிரைவர்

நூர் முகமது பாய் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே கன்னை எடுத்து, ஒரே ஒரு தடவைதான் அந்தக் குட்டிக் காரின் மேல் ஓட்டினார். பச்சை நிறம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. உடையப்பன் "அடேயப்பா" என்றான். சொல்லி வாயை மூடுவதற்குள் காரின் முதுகு, ஆறிய பாலில் ஏடு படிவதுபோலச் சுருங்கத் தொடங்கியது.

"ஏலே உடையப்பா, என்னடா இது, உருகுது!"

"பிளாஸ்டிக்குனு சொன்னேன்ல பாய்."

"சோப்பு டப்பா கணக்கா கெட்டியா இருக்கும்னு நெனச்சேன். இது தின்னரைக் குடிக்குதேடா!"

பாய் துணியால் துடைத்தார். துணியில் பச்சையோடு காரின் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. உடையப்பன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். லாரிக்காரர்களுக்குத் தெரிந்த பெயிண்ட் அது ஒன்றுதான். தகரத்துக்கு அடிப்பது, பலகைக்கு அடிப்பது. வண்டி என்று பேர் இருந்தால் அதற்கும் அதைத்தான் அடிக்க வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள்.

"ராயப்பராஜ் வந்து பாத்தா என்ன சொல்லுவான்?" என்றார் பாய்.

உடையப்பன் காரைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டான். என்ன சொல்லுவான் என்பது அப்புறம். ராயப்பராஜ் வருவானா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

உடையப்பனும் ராயப்பராஜும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். பேகம்பூரில் பதனிட்ட தோலை ஏற்றி மதராசுக்குப் போவது, அங்கிருந்து எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு திரும்புவது. ஒருவன் ஓட்டினால் மற்றவன் பின்னால் தோல் கட்டின் மேல் படுத்துத் தூங்குவான். நாற்றம் முதலில் தெரியும், அப்புறம் தெரியாது. வீட்டில் பெண்டாட்டியோடு பேசியதைவிட அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் பேசியது அதிகம். உடையப்பனின் மனைவி பழனியம்மாள், லாரிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டது போதும் என்று கீரனூரில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. ராயப்பராஜுக்கு வீடு நிறையப் பிள்ளைகள்.

அந்தக் கார் வந்ததும் லாரியில்தான். கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரோடு போகிறார் என்று அவர் சாமான்களை மலையிலிருந்து இறக்கிக் கொடைரோடு ஸ்டேஷனில் சேர்த்தார்கள். கடைசியாக ஒரு அட்டைப்பெட்டி மிஞ்சியது. துரை அதை ராயப்பராஜ் கையில் கொடுத்துத் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். பிரான்சு தேசத்தில் லெ மான் என்ற ஊர். அங்கே ஒரு பந்தயம். இந்தக் கார் ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்க ஓடும். இரண்டு டிரைவர். மாற்றி மாற்றி.

"அண்ணே, நம்ம பொழப்புக்குப் பந்தயம் வைக்கிறாங்க," என்று ராயப்பராஜ் சிரித்தான்.

"தோல் ஏத்துவாங்களா?"

"வெறும் வண்டிண்ணே. சுத்திச் சுத்தி வாரதுதான்."

"பெறகு எதுக்கு ஓட்டுறான், கிறுக்குப் பய?"

பெட்டிக்குள் கார் துண்டு துண்டாக, ஒரு சட்டத்தில் காய் காய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அறுத்து, பிசிறு தேய்த்து, டியூபில் இருந்த பசையால் ஒட்ட வேண்டும். அந்தப் பசை சும்மா ஒட்டுகிற பசை இல்லை. இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ஒட்டியதைப் பிரிக்க முடியாது. பின்பக்கம் மீனுக்கு இருக்கிற மாதிரி ஒரு துடுப்பு. மேல்கூரை இல்லை. டிரைவர் ஒரு ஆள், சிவப்புத் தொப்பியோடு தனியாக இருந்தான்.

இந்திக் கலாட்டாவில் லாரிகள் ரோட்டில் இறங்காமல் செட்டிலேயே நின்றனவே, அந்த நாட்களில் இரண்டு பேரும் குட்டிக் காரின் எஞ்சினைச் சேர்த்தார்கள். லாரியில் எரிந்துபோன காயிலைப் பிரித்து, மயிர் போன்ற செம்புக் கம்பியில் பிளக் ஒயர் இழுத்தான் உடையப்பன். தோல் ஷாப்பில் சீவிப் போட்ட ஆட்டுத்தோல் சவ்வை வெட்டி சீட்டுக்கு உறை போட்டான் ராயப்பராஜ்.

"இதுல உக்காந்திருக்கது நீயா, நானா?" என்று சிவப்புத் தொப்பிக்காரனைக் காட்டி உடையப்பன் கேட்டான்.

"நாந்தாண்ணே. உங்களுக்கு இம்புட்டு இடுப்பு ஏது?"

"அப்ப நான் எங்கடா?"

"நீங்க பின்னால படுத்திருக்கீங்க. கொறட்டை சத்தம் கேக்கல?"

கடைசியில், டிரைவரை ராயப்பராஜ்தான் உட்கார வைக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று முடிவானது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அந்த ரோட்டில் ஓடிய எல்லா லாரிக்காரர்களுக்கும் இருந்தது. வழியில் ஆள் மாறும்போது எஞ்சினை அணைக்கக் கூடாது. இறங்குகிறவன் ஸ்டேரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். ஏறுகிறவன் கை வந்து அதே வளையத்தைப் பிடித்த பிறகுதான் அவன் கையை எடுக்கலாம். அணைத்துவிட்டு மாறினால், இரண்டு பேரில் ஒருவன் திரும்ப அந்த வண்டியில் ஏறமாட்டான் என்பார்கள்.

அய்யலூர்க் கணவாயில் உடையப்பன் எஞ்சினை அணைத்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்த நேரம். கொஞ்ச நாளாகவே இருட்டினால் அவனுக்கு ரோட்டின் ஓரம் தெரிவதில்லை. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டிச் சமாளித்து வந்தான். அன்றைக்கு முன்னால் வண்டி இல்லை. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் போன பிறகு எல்லாம் கறுப்பு. பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பி, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலிருந்து ராயப்பராஜ் இறங்கி வந்தான். "ஏண்ணே அணைச்சீங்க?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"தெரியல அப்பு. கண்ணு தெரியல."

மாலைக்கண் என்றார் டாக்டர். முருங்கைக்கீரை தின்னு, ஆட்டு ஈரல் தின்னு என்றார். தின்றான். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னது ராயப்பராஜ். அதை அவனே வந்து உடையப்பனிடம் சொன்னான்.

"நாந்தாண்ணே சொன்னேன். எனக்குப் புள்ளைக இருக்கு. பின்னால படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது."

"சரிதான்," என்றான் உடையப்பன். அவன் இடத்தில் இருந்தால் இவனும் அதைத்தான் செய்திருப்பான். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ராயப்பராஜ் டயர் ரூம் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். ஓட்டுவதிலிருந்து இறக்கப்பட்ட உடையப்பனுக்கு இப்போது செட்டில் டயர் எடுத்துக் கொடுக்கிற வேலை. படுக்கை அங்கேயே, டயர்களுக்கு நடுவில். பொழுது சாய்ந்தால் கட்டிலில் உட்கார்ந்து சத்தம் கேட்பான். எந்த வண்டி எதுவென்று எஞ்சின் சத்தத்திலேயே தெரியும். அவர்களுடைய வண்டி கிளம்பும்போது முன்பெல்லாம் ராயப்பராஜ் ஆரனை இரண்டு தரம் அமுக்குவான். இப்போது அமுக்குவதில்லை. புது மாற்று டிரைவர் அக்பர் அலி. நல்ல பையன், நல்ல கண்.

அந்தக் கார் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதை முடித்தால், டிரைவரை உட்கார வைக்க அவன் வந்துதான் ஆக வேண்டும். வந்தால் உட்காருவான். உட்கார்ந்தால் பேசுவான். உடையப்பன் எண்ணிக்கொண்டிருந்தது இவ்வளவுதான். அதைத்தான் தின்னர் தின்றுவிட்டிருந்தது.

பாயின் பட்டறையிலிருந்து வந்த பிறகு இரண்டு நாள் பொதியைப் பிரிக்கவே இல்லை. மூன்றாம் நாள் பிரித்தான். துடுப்பு ஒரு பக்கம் வளைந்திருந்தது. மூக்கில் கொப்புளம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். வெயில் இருக்கும்போது மட்டும்தான் வேலை. நேரம் தாழ்ந்தால் கண் ஒத்துவராது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் சுருக்கம் முழுசாகப் போகவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற சாதாரணப் பெயிண்டைக் கோழி இறகால் தொட்டுத் தடவினான். பிளாஸ்டிக் அதைக் குடிக்கவில்லை. ஆனால் புது வண்டி மாதிரியும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று பட்டது. ராத்திரி முழுக்க ஓடிய வண்டி புதுசு மாதிரி ஏன் இருக்க வேண்டும்? மதராசு போய் வந்த லாரியின் மூஞ்சியை அவன் எத்தனை தடவை கழுவியிருக்கிறான். மூக்கில் பூச்சி அடித்துச் செத்திருக்கும். சக்கரத்துக்குப் பின்னால் மண் விசிறி மாதிரி படிந்திருக்கும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கரி. சிம்னி விளக்கின் கரியைத் துணியில் ஒற்றிப் புகைக்குழாய் ஓரம் பூசினான். செட்டு வாசல் செம்மண்ணைச் சலித்து, பெயிண்ட் காயுமுன் சக்கரத்தடியில் ஊதினான். கொப்புளம் இருந்த இடத்தில் குண்டூசி முனையால் பூச்சிக் கறை வைத்தான். சுருக்கம் இப்போது சுருக்கமாகத் தெரியவில்லை. களைப்பாகத் தெரிந்தது.

இன்னொன்றும் செய்தான். கள்ளிப்பெட்டிச் சில்லில் ஒரு ஆளைச் செதுக்கினான். அதே அளவு, அதே உட்காரும் தோரணை. தொப்பி கிடையாது, தலையில் துண்டு. சிவப்புத் தொப்பிக்காரனைத் தொடாமல் இவனை மட்டும் வைத்துப் பார்த்தால் சீட்டில் சரியாக உட்கார்ந்தான். எடுத்தால் வந்தான். பகலுக்கு ஒருவன், ராத்திரிக்கு ஒருவன். ராயப்பராஜ் இதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று தோன்றியது.

நூர் முகமது பாயிடம் சொல்லி அனுப்பினான். "கார் முடிஞ்சிருச்சாம், டிரைவர் நீதான் வைக்கணுமாம்."

ஆயுதபூசைக்கு முந்தின சாயங்காலம் ராயப்பராஜ் வந்தான். உடையப்பன் பகலெல்லாம் பார்த்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டபோது வெளிச்சம் போய்விட்டது. லாரி வாசலில் நின்றது. எஞ்சின் அணையவில்லை.

"அண்ணே."

"வா ராயப்பா. உக்காரு. கட்டில்ல உக்காரு."

"இல்லண்ணே, லோடு ஏத்தியாச்சு. அக்பரு ஸ்டேரிங்குல இருக்கான். செத்த நேரந்தான்." குரல் கதவுப் பக்கத்திலிருந்து நகரவில்லை. "ஈரல் தின்னீங்களா?"

"தின்னேன். ஆட்டுக்கு இருந்த கண்ணெல்லாம் ஆட்டோட போச்சு."

ராயப்பராஜ் சிரித்தான். பழைய சிரிப்புதான். உடையப்பனுக்கு நெஞ்சு லேசானது. "விளக்கத் தூக்கிப் பாரு, பெட்டி மேல இருக்கு."

விளக்கைத் தூக்குகிற சத்தம்.

"அண்ணே," என்றான் ராயப்பராஜ் மெதுவாக. "இது ஓடி வந்த வண்டிண்ணே."

"ஆமா."

"மூக்குல பூச்சியெல்லாம் செத்துக் கெடக்கு!"

"ராத்திரி ஓட்டம்ல. டிரைவரை வையி. ரெண்டு பேரு இருக்கான், பாரு. ஒன்னு..."

வாசலில் ஆரன் அடித்தது. "ராயப்பண்ணே, வடமதுரை ரயில்வே கேட்டை மூடிருவான்!" என்று அக்பர் அலி கத்தினான்.

"வாரேன்லே!" விளக்கு நகர்ந்தது. உடையப்பனுக்கு வெளிச்சம் ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது, அதற்குள் ஒரு முதுகு. பிறகு அந்தப் பசை வாசனை வந்தது. மூக்கில் ஏறுகிற, பச்சை மாங்காயும் பெட்ரோலும் கலந்த மாதிரி வாசனை.

"என்னப்பா பண்ற?"

"ஆடிக்கிட்டே இருக்காண்ணே செவப்புத் தொப்பி. டியூபுல மிச்சம் இருந்துச்சு. நல்லா அமுக்கி ஒட்டிட்டேன். இனி அசைய மாட்டான்."

உடையப்பன் எழுந்து நின்றான். அந்தப் பசை பிடிக்கிற நேரம் அவனுக்குத் தெரியும். இதற்குள் பிடித்திருக்கும்.

"சரியாத்தானண்ணே வச்சிருக்கேன்?"

"சரியா வச்சிருக்க."

"வாரேண்ணே. பூசை முடிஞ்சு வாரேன். உக்காந்து பேசுவோம்."

"பாத்துப் போ. கணவாயில மெதுவா."

கால் சத்தம் போனது. கதவு அறைந்தது. கியர் விழுந்தது. ஆரன் இரண்டு தரம் அடித்தது. வெகுநாள் கழித்து அடித்தது. அவன் கையை உயர்த்தினான். வடமதுரை ரோட்டுப் பக்கம் திரும்புகிற வரை சத்தம் கேட்டது.

காலையில் வெளிச்சம் வந்ததும் பார்த்தான். சிவப்புத் தொப்பிக்காரன் ஸ்டேரிங்கோடு, சீட்டோடு, தோல் உறையோடு இளகி ஒன்றாகியிருந்தான். பிளேடு நுனியை இடுப்படியில் விட்டு லேசாக நெம்பினான். சீட்டும் சேர்ந்து வரப் பார்த்தது. பிளேடை வைத்துவிட்டான்.

மர ஆள் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தான். ராயப்பராஜ் அவனைப் பார்த்திருக்கவே மாட்டான். உடையப்பன் அவனை எடுத்து ஊதி, காருக்குள் எங்கே வைக்கலாம் என்று பார்த்தான். டிரைவர் சீட்டைத் தவிர அந்தக் காரில் வேறு சீட்டு கிடையாது. பின்னால் தோல் கட்டும் இல்லை, படுக்க வைக்க.

வெளியே யாரோ டயர் கேட்டுக் கூப்பிட்டார்கள். மர ஆளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனான்.