யாரோ நினைக்கிறார்கள்

டாக்டர் நிரஞ்சனியின் அறையில் அன்று நான்கு பேர். மேசைக்குப் பின்னால் டாக்டர். எதிரே வேலாயுதம், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு. அவருக்கு வலப்பக்கம் மனைவி அமுதவள்ளி, மடியில் ஸ்கேன் படங்கள். நாற்காலி போதாததால் வேலாயுதத்தின் அக்கா மாரியாயி, நோயாளிகளைப் படுக்கவைக்கும் கட்டிலின் ஓரத்தில், கால் தரையை எட்டாமல்.

வேறொரு மருத்துவமனையில் வேலாயுதத்துக்கு மூளைத்தண்டில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மண்டையைத் திறந்து சதை எடுத்துச் சோதிப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்றுதான் பிரிக்பீல்ட்ஸில் இருந்த இந்த டாக்டரிடம் வந்திருந்தார்கள்.

டாக்டர் படங்களைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, வேலாயுதத்தின் வாய்க்குள் டார்ச் அடித்தார். "ஆன்டி, நீங்களும் பாருங்க."

அமுதவள்ளி எட்டிப் பார்த்தாள். உள்நாக்கு பல்லியின் தொண்டைபோல நிற்காமல் துடித்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் பார்த்திராத இடம். கண்ணை எடுக்கவே தோன்றவில்லை.

"தண்ணி குடிச்சா பொரையேறுமா?" என்று டாக்டர் கேட்டார்.

மாரியாயி சிரித்துவிட்டாள். "எங்க வூட்டுல சாப்பாடுன்னா இருமல் கச்சேரிதான் லா! செத்துப்போன அப்பா, இவன், கிள்ளான்ல இருக்கிற சின்னத் தம்பி லோகன். தலையில தட்டி, 'யாரோ நெனைக்கிறாங்க'ன்னு சொல்லுவோம். எனக்கு மட்டும் ஏறாது. என்னை யாரு நெனைக்கிறா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்பா எப்படி இறந்தாரு?"

"நடக்க முடியாம, முழுங்க முடியாம. பக்கவாதம்னாங்க."

"இது கட்டி மாதிரி தெரியுற வேற ஒண்ணு. அலெக்சாண்டர் நோய். ரொம்ப அபூர்வம். ரத்தத்துல பாத்துடலாம், மண்டையைத் தொட வேணாம். குணப்படுத்த மருந்து இல்ல அங்கிள். ஆனா பொரையேறாம முழுங்கப் பழகலாம். தம்பியும் வந்து பாக்கணும். பரம்பரையா வரும்."

சில வாரங்களில் முடிவு வந்தது. டாக்டர் சொன்னதேதான்.

அப்பாவின் வீட்டை விற்றதில் வந்த சண்டையில் லோகன் எல்லோருடைய போன் நம்பரையும் தடுத்துவைத்திருந்தான். கடிதம்தான் வழி. அமுதவள்ளி பேனாவை எடுத்தாள்.

வேலாயுதம் மெல்லக் கேட்டார். "அப்போ... எனக்குப் பொரையேறினப்பல்லாம் அவன் நெனைக்கலியா?"

அவள் திகைத்தாள். ஒவ்வொரு இருமலுக்குப் பிறகும் இந்த மனுஷன் சிரித்தது இதற்குத்தானா?

"அதை டெஸ்ட் பண்ண முடியாதுங்க. உங்க தம்பியையே கேளுங்க."

நோயின் பெயர், டாக்டரின் முகவரி, எதற்காக வரவேண்டும் என்பதெல்லாம் அவள் வரிசையாக எழுதினாள். அடியில் அவர் கோணல் கையெழுத்தில் சேர்த்தார்: "தம்பி, பொரையேறினா நான் நெனைக்கிறேன்னு சும்மா இருந்துடாதே. டாக்டரைப் பாரு. நெனைக்கிறது நெசந்தான்."

அவள் உறையை ஒட்டினாள். தபால் பெட்டிவரை தடியூன்றி நடந்து, அவரே அதை உள்ளே போட்டார்.