இடது காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு

ஒரு தலையைப் பின்னாலிருந்து பார்த்தாலே போதும், அது என் பார்லருக்கு வந்த தலையா, வேறு எங்காவது போன தலையா என்று சொல்லிவிடுவேன். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருவதில் இது ஒரு தொல்லை. யார் முகமும் தெரியாது, முடிதான் தெரியும். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் கண்ணைத் திறந்துகொண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகள் போன பிறகு எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. கணவர் தனியாகப் போனால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்களே என்றுதான் கூடப் போனேன்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்காவின் தலை கண்ணில் பட்டது. முக்காட்டுக்குக் கீழே தொங்கிய முடியின் நுனி கோணல்மாணலாக வெட்டியிருந்தது. சத்தியமாக என் கத்தரி பட்டதில்லை. என் பிள்ளையை அடக்கம் செய்த பிறகு வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், போன் அடித்தால் எடுக்காதவள், வேறு பார்லருக்குப் போய் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்!

அவள் சபையில் பெண்களின் ஜெபக்குழுவை நடத்துகிறவள். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் போகும். அதனால் எல்லோருக்கும் ஜெபக்கா. எனக்கு, கூடப் பிறந்த அக்கா இல்லாத குறையைத் தீர்த்தவள். மாதம் ஒரு தடவை, பார்லரில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவாள். நுனி வெட்டி, நரைக்கு டை அடித்துவிடுவேன். அந்த டை விஷயம் அவளுக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அப்போதெல்லாம் 'அவங்க' என்றுதான் சொல்வேன். அந்த மரியாதையைக் கல்லறைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

என் மகளுக்கு முடி அடர்த்தி. சுருட்டை வேறு. இடது காதுக்குப் பின்னால் தினமும் ஒரு சிக்கு விழும். ஊராருக்கெல்லாம் பூப்போல வாருகிற நான், பள்ளிக்கூட வண்டி வந்துவிடும் அவசரத்தில் அவளுக்கு மட்டும் சீப்பைப் போட்டு இழுப்பேன். "இழுக்காதம்மா!" என்று தெருவே கேட்கக் கத்துவாள். ரத்தத்தில் வியாதி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அந்த முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மிச்சத்தை நானே டிரிம்மரால் எடுத்துவிட்டேன்.

ஜெபக்கா தினமும் வந்தாள். ஒரு நாள் கட்டிலின் ஓரத்தில் முட்டி போட்டு வெகுநேரம் ஜெபித்துவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாக எழுந்தாள்.

"ஆண்டவர் என்கூட பேசிட்டாரும்மா. பிள்ளை பிழைச்சுக்குவா. நீ இனிமே அழக் கூடாது. அழுதா அவிசுவாசம்."

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உதட்டைப் பிதுக்கியபோது கணவர் உடைந்துபோய் அழுதார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. சாவு என்ற வார்த்தையே அந்த அறைக்குள் வரக் கூடாது என்று எல்லோரையும் மிரட்டி வைத்தேன். ஒரு சாயங்காலம் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் செத்துட்டா..." என்று ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன். ஆண்டவர் சொல்லிவிட்டார், அப்படியெல்லாம் பேசக் கூடாது என்றேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள்.

செத்துட்டா, என்ன? அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தாள்? பாதி வாக்கியத்தோடு என்னைத் தவிக்க விட்டவள் ஜெபக்கா. ஆண்டவர் மேலும் கோபம்தான். ஆனால் அவர் என்னிடம் நேரில் வந்து எதையும் சொல்லவில்லை. சொன்னவள் இவள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவளை மறித்தேன். "புது பார்லர் நல்லாத்தான் வெட்டியிருக்கு. நாளைக்கு மத்தியானம் வாங்க, கொஞ்சம் நேராக்கி விடறேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். வாடிக்கையாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியைக் கழுத்தில் சுற்றி, தேவைக்கு மேலேயே இறுக்கிக் கட்டினேன். முக்காட்டை இறக்கி, கொண்டையை அவிழ்த்ததும் என் கை நின்றுவிட்டது. வேர்ப்பக்கம் முழுக்க வெள்ளை. நுனி வலப்பக்கம் ஏறி, இடப்பக்கம் இறங்கி, நடுவில் கடித்துத் துப்பியதைப் போல இருந்தது. கையைப் பின்னால் வளைத்து, ஏதோ சமையல்கட்டுக் கத்தரியால் தானே வெட்டிக்கொண்ட முடி.

"எந்தப் பார்லருக்கும் போகலியா?"

"எப்படிப் போவேன்? என் நரை உனக்கு மட்டும்தானே தெரியும். இங்க வந்து இந்தக் கண்ணாடியில உன் மூஞ்சியப் பார்க்கவும் தைரியமில்ல."

முடியில் தண்ணீர் தெளித்தேன். சீப்பை எடுத்தேன். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, ஆண்டவர் நெஜமாவே உங்ககிட்ட பேசினாரா?"

கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், "அன்னைக்குப் பேசினாருன்னுதான் நெனச்சேன். என் ஆசையையே அவர் குரல்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

"அது எப்போ தெரிஞ்சுது? அடக்கத்தன்னைக்கா?"

"இல்ல. முன்னாடியே. பிள்ளைதான் சொன்னா. நீ கீழ மருந்து வாங்கப் போயிருந்த. 'பெரியம்மா, நான் செத்துப்போயிடுவேன்ல'ன்னு கேட்டா. அந்த முகத்தப் பார்த்துட்டுப் பொய் சொல்ல வரல. தெரியலடா கண்ணுன்னேன். 'எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்ல வந்தேன், பயந்துட்டாங்க. நீங்க சொல்லாதீங்க. நான் பிழைச்சுருவேன்னே சொல்லிக்கிட்டு இருங்க'ன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா."

சீப்பை மேஜையில் வைத்தேன். கடைசி நாட்களில் இவள் 'பிழைப்பா, பிழைப்பா' என்று சொன்னதெல்லாம் தெரிந்தே சொன்னது. அதைக் கேட்டு நான் என் மகளின் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனதும் வாங்கப் போகிற புதுச் செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். மேல இருக்கிறவருக்கும் தெரியும். மூணு பேரும் சேர்ந்துக்கிட்டீங்க. பெத்தவ எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை 'நீ' என்றேன். எழுந்து போ என்றும் சொன்னேன். கழுத்தில் துணியோடு, ஈர முடி முதுகில் சொட்ட எழுந்து கதவுவரை போனாள். விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் பார்த்தேன். என் வாய் கேட்கவில்லை.

"வேற என்ன சொன்னா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அங்க போனா முடி மறுபடி வளருமான்னு கேட்டா. வளரும்னேன். யாரு வாரிவிடுவான்னா. ஆண்டவரே வாருவாருன்னு சொன்னேன். 'அவருக்கு வாரத் தெரியுமா? அம்மாகிட்ட கேட்டுக்கச் சொல்லுங்க பெரியம்மா. என் சிக்கு எங்க இருக்குன்னு அம்மாவுக்குத்தான் தெரியும்'னா."

நான் சிரித்துவிட்டேன். அப்படியே அது அழுகையாக மாறியது. அடக்கத்தன்று கூட வராத அழுகை. அவிசுவாசம் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. கதவோரம் அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"இத ஏன் இத்தனை மாசம் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நான் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளிய வந்துடுமே."

அவள் மானத்துக்காக என் பிள்ளை எனக்கு விட்டுப் போனதைப் பிடித்து வைத்திருந்தாள். அதை நான் மன்னிக்கவில்லை. என்றைக்கு மன்னிப்பேன் என்றும் தெரியாது. ஆனால் பாதி ஈரத் தலையோடு யாரையும் தெருவில் அனுப்பிப் பழக்கமில்லை. "வந்து உட்காருங்க" என்றேன். நுனியை நேராக்கினேன். டை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வெள்ளையோடு எழுந்து போனாள்.

கதவைச் சாத்திவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் ஏறிச் சுற்றுகிற நாற்காலி. மடியில் சீப்பு இருந்தது. நான் முட்டி போடவில்லை, கண்ணை மூடவில்லை. அவளைப் புதைத்த பிறகு ஆண்டவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"உம்ம மேல கோபம் இன்னும் தீரல. அது இருக்கட்டும். இடது காதுக்குப் பின்னால பாரும். சிக்கு அங்கதான். மேல இருந்து வாராதேயும். நுனியில ஆரம்பிச்சு, வேரை ஒரு கையால பிடிச்சுக்கொள்ளும். அப்போ வலிக்காது. பள்ளிக்கூட வண்டி எதுவும் உமக்கு வரப்போறதில்ல, மெதுவா வாரும். நான் இழுத்திருக்கேன். நீர் இழுக்காதேயும்."