பலகையில் ஒட்டிய வீடு

சோறு வடித்து இறக்கிய பிறகுதான் யேசுரத்தினத்துக்கு அடுப்பு கிடைக்கும். புளியங்கொட்டை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடிபிடிக்காமல் கிண்டிக் கிண்டிப் பசை காய்ச்சுவார். அருமனை ஊரில் சர்ச் சபைக்காரர்கள் இருக்கக் கொடுத்த அந்த ஒற்றை அறையில் பசையின் வாடை எந்நேரமும் இருந்தது. மனைவி நேசபாய் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. பானையை இறக்கிவைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். பசை ஆறி, அவர் பலகையின் முன் குந்தி உட்கார்ந்த பிறகும் உள்ளே வரமாட்டாள்.

அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். போன ஐப்பசி வரைக்கும் திற்பரப்புக்குக் கீழே, ஆற்றங்கரையில், பாட்டக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மண்சுவர் வைத்துக் கட்டிய வீட்டில் இருந்தார்கள். நான்கு நாள் விடாத மழையில் கோதையாறு கரைமேல் ஏறியபோது அவர் பயிற்சி வகுப்புக்காக நாகர்கோவில் போயிருந்தார். விடிகிற நேரத்தில் தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டது. நேசபாய் ஆட்டை அவிழ்த்துவிடப் பின்பக்கம் போனாள். அவள் முடிச்சை அவிழ்ப்பதற்குள் மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அதை ஒட்டித்தான் மகள் ஜெபகுமாரி பாயில் படுத்திருந்தாள். ஐந்து வயது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் யேசுரத்தினத்தால் பேச முடியவில்லை. நேசபாயிடமும் முடியவில்லை. குழந்தையின் பெயரை அவர் வாயால் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் கை சும்மா இருக்க மறுத்தது. சனிக்கிழமைதோறும் ஆற்றங்கரைக்கு நடந்துபோய், வீடு இடிந்து கிடந்த மண்மேட்டைக் கிளறினார். ஓட்டுச் சில்லு, விளக்குக் கண்ணாடியின் உடைசல், பாயின் ஒரு முனை, நெளிந்த ஈயத்தட்டு, சுண்ணாம்புக் காரையின் துண்டுகள், ஒரு சாக்கு நிறைய மண். எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஆளுயர அயினி மரப் பலகையொன்றில் ஒவ்வொன்றாக ஒட்டினார். மண்ணைப் பசையில் குழைத்துச் சுவர் எழுப்பினார். ஓட்டுச் சில்லுகளை அடுக்கிக் கூரை போட்டார். மேலே காகிதத்தில் வானம் தீட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் சித்திரம். கிட்டே போனால் கையில் மண் ஒட்டும். எதற்காகச் செய்கிறார் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. செய்கிற நேரத்தில் மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். “பெட்டியில பிள்ளைக்க சட்ட ஒண்ணு இருக்குல்லா. அதத் தாறியா?”

நேசபாய் புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதத் தரமாட்டேன்.”

அவர் மறுபடி கேட்கவில்லை. பலகையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் வெறுமையாகவே நின்றது. சித்திரையில் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஆற்றங்கரைக்குப் போக அவருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரே பேச்சுதான். தமிழ்த் தாலுகாக்கள் சென்னையோடு சேருமா, திருவிதாங்கூர்–கொச்சியிலேயே கிடக்குமா? ஆவணியில் நாகர்கோவிலில் வாத்தியார்மாருக்கு ஒரு சித்திரக் கண்காட்சி வைத்தார்கள். ‘நம் வீடு’ என்று அதற்குத் தலைப்பு. யேசுரத்தினம் தன் பலகையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் தாணப்பபிள்ளைதான், ஏதோ வேலையாக அருமனைப் பக்கம் வந்தவர், அதைக் கண்டு அசந்துபோய் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்.

முதல் பரிசு அதற்குத்தான். நடுக்கூடத்தில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் தாணப்பபிள்ளையே விளக்கம் சொன்னார். “பாத்தீரா வே, உடஞ்சு கெடந்தத எல்லாம் ஒண்ணாச் சேத்து வச்சிருக்காரு. நம்ம நாட்டுக்க கத இதுதாம்லா.” ஆட்கள் தலையாட்டினார்கள். ஒருவர் யேசுரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சிரித்தார். தான் சிரிப்பது அவருக்கே தெரிந்தது. அப்படியே இருக்கட்டும், நாட்டின் கதையாகவே இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் நண்பகலில் நேசபாய் வந்தாள். வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. அவள் பலகையின் முன்னால் நின்று, கூரையிலிருந்து கீழே கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். அறையில் அது சுவர்ப்பக்கம் திரும்பி நின்ற மாதங்களில் ஒரு தடவைகூட அவள் அதைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் கை நீண்டு ஓர் இடத்தில் நின்றது. உள்ளங்கை அகலக் காரைத்துண்டு. அதில் பச்சை வர்ணத்தில் ஒரு கொடி, இரண்டு இலை, பாதி பூ.

“இது மேற்குச் சொவருக்க துண்டுல்லா?”

“ஆமா.”

“இதுக்க அடியில வெடிப்பு உண்டும்.”

அவர் அந்தக் கொடியையே பார்த்தார்.

“ஆனியில சொன்னேன். ஆடியிலயும் சொன்னேன். கொத்தன விளிச்சுக் காட்டணும்னு சொன்னேன். நீங்க சுண்ணாம்பப் பூசி மேல கொடி வரச்சிய. பிள்ள கைகொட்டிச் சிரிச்சா.” அவள் குரல் உயரவே இல்லை. “நல்லாத்தான் இருக்குன்னு நானும் பாத்துட்டு நின்னேன்.”

“நேசம்...”

“எல்லாத்தையும் பெறக்கிக் கொண்டாந்து ஒட்டியிருக்கிய. வெடிப்பு எங்க? அத மட்டும் காணல்ல.”

பென்சில் சீவுகிற கத்தி அவர் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து அந்தத் துண்டின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். பசை கல்லாக இறுகியிருந்தது. சுற்றியிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்ததே தவிரக் கொடி அசையவில்லை. தாணப்பபிள்ளை ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “வே, என்ன செய்யீரு! வாத்தியார் சங்கத்துல மாட்டணும்னு நேத்தே தீர்மானம் போட்டாச்சு. இது இனி உமக்கு மட்டும் உள்ளதில்ல, கேட்டீரா?”

யேசுரத்தினம் கத்தியை மடக்கிக்கொண்டு திரும்பினார். நேசபாய் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் அருமனை பஸ்ஸில் ஏறவில்லை. குலசேகரம் பஸ்ஸில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றார். குலசேகரத்தில் இறங்கி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போகிற சாலையில் நடந்தாள். அவர் பத்தடி தள்ளி நடந்தார். கூப்பிட்டால் என்ன சொல்வதென்று தெரியாததால் கூப்பிடவில்லை. ஆற்றின் சத்தம் கேட்கத் தொடங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது.

மண்மேடு அங்கே இல்லை. நிலத்துக்காரர் அதை நிரவி மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்தார். சித்திரையில் வைத்த கம்புகளாக இருக்க வேண்டும். இப்போது தலைக்கு மேல் வளர்ந்து, கைவிரல்போல விரிந்த இலைகளோடு நெருங்கி நின்றன. யேசுரத்தினத்துக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே தெரிந்தது.

நேசபாய் ஒரு கணமும் தயங்கவில்லை. வரப்பிலிருந்து நேராக உள்ளே இறங்கினாள். நாலடி நடந்து இடதுபக்கம் திரும்பினாள். குனிந்தாள். அங்கே இருந்த வீட்டின் உள்வாசல் நிலை தாழ்வாக இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. பிறகு அவளைக் காணவில்லை. சிறிது நேரம் இலைகள் அசைந்தன. பின் அசைவும் நின்றுவிட்டது. எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகிற சத்தம் கேட்குமோ என்று காதைக் கொடுத்துப் பார்த்தார். ஆறுதான் கேட்டது.

அவர் வீட்டுக்குள் நுழைகிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார். எந்த இடத்தில் விட்டுவிட்டு உள்ளே போவது என்று தெரியவில்லை. இரண்டையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரச்சீனிக்கு இந்தப் பக்கம், வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்.