மூட்டைச் சூடு

காலை ஆறரைக்கெல்லாம் எஸ்டேட்டின் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கத்தரிகள் திறந்து மூடத் தொடங்கியிருந்தன. தேயிலைக் கத்தரியைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் அதன் சூட்சுமம் புரியும். கீழ் அலகோடு ஒரு தகரத் தட்டு இருக்கும். வெட்டுப்பட்ட கொழுந்து வெளியே சிந்தாமல் மேல் அலகில் ஒரு தடுப்பு. இரு கைகளாலும் அழுத்தி மூடினால் இலை தட்டில் விழும். நாலைந்து வெட்டில் தட்டு நிறையும். நிறைந்ததைத் தோளுக்கு மேல் வீசினால் முதுகில் தொங்கும் மூட்டைக்குள் போய் விழ வேண்டும். திரும்பிப் பார்க்க நேரமில்லை. லீலாவதி பத்தொன்பது வருடமாக வீசுகிறாள்; அவள் நடந்த வரிசையில் சிந்திய இலையைப் பார்க்க முடியாது.

நடுவட்டத்து ஜூலைப் பனியில் கூடலூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, பஸ் தெரியவில்லை. இடுப்பில் சுற்றிய படங்கு என்னும் பிளாஸ்டிக் விரிப்பைத் தாண்டிச் செடிகளின் ஈரம் புடவைக்குள் இறங்கியது. கணுக்காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் அவள் குனியவில்லை. குனிந்தால் மூட்டை கழுத்துக்குச் சரியும்.

இந்த மூட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகராறு அதில்தான் இருக்கிறது.

மே மாதம் வரை டிராக்டர் ஒரு நாளைக்கு மூன்று தடவை காட்டுக்கு வந்தது. பத்து மணி, ஒரு மணி, நாலு மணி. ஒவ்வொரு தடவையும் ரோட்டோரத் தகரக் கொட்டகையில் எடை போட்டு, மூட்டையைக் காலி செய்துவிட்டுப் பெண்கள் மேலே ஏறுவார்கள். வரிசையில் நிற்கும் கால்மணி நேரம் முதுகு நிமிரும். தண்ணீர் குடிப்பதும் ஒதுங்கிவிட்டு வருவதும் அப்போதுதான். ஜூனில் புதிதாக வந்த மேனேஜர் ரமணன் முதல் வாரமே இரண்டு நடைகளை வெட்டினார். நாலு மணிக்கு ஒரே எடை போதும், டீசல் மிச்சம் என்றார்.

அன்றிலிருந்து காலையில் நிறைந்த மூட்டையை முழங்காலால் அமுக்கிக் கட்டிச் செடியோரம் வைத்துவிட்டு, அடுத்ததை நிரப்ப வேண்டியதாயிற்று. நாலு மணிக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தலையில் ஏற்றிச் சறுக்குப் பாதையில் இறங்க வேண்டும். ஒதுங்க நேரமில்லை என்பதால் பலர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் கூட வெட்டும் தேவி சுமையோடு வழுக்கி விழுந்தாள். இன்னும் பாயிலிருந்து எழவில்லை.

புது ஏற்பாட்டில் ஒரே ஒரு சுகம் உண்டு. பனியில் விரல் மரத்துப்போனால், கட்டி வைத்த மூட்டையின் வாயைத் தளர்த்திக் கையை உள்ளே விடலாம். கணகணவென்றிருக்கும்.

"ஹீட்டரு மேனேஜர் ஊட்டுல மட்டுந்தான் இருக்கோணுமா?" என்பாள் பக்கத்து வரிசை உமாராணி.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறதென்று ஒருத்தியும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஜீப் வந்து நின்றது. ரமணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர் ராஜசேகர்.

"பதினேழாம் நம்பர் யாரு?"

"நானுங்க சார்" என்றாள் லீலாவதி.

ரமணன் ஒரு பையை அவள் காலடியில் கவிழ்த்தார். துரு நிறத்தில் இலை கொட்டியது.

"நேத்து உன் மூட்டையில இருந்து எடுத்தது. இது கொழுந்தா, குப்பையா?"

"வெட்டறப்ப பச்சையாத்தானுங்க இருந்துச்சு."

"அப்புறம் வெயில்ல காஞ்சுருச்சா?" சுற்றிலும் நின்ற பனியைக் கையால் காட்டினார். "பழைய இலையை ஒளிச்சு வெச்சு எடைக்குக் கலக்குற. குன்னூர் ஏலத்துல நம்ம தூளை வாயில வெச்சுத் துப்பிட்டாங்க, தெரியுமா?"

"ருசி பாக்கறவங்க எல்லாத் தூளையுந்தானுங்க சார் துப்புவாங்க" என்றாள் உமாராணி.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ரமணன் உமாராணி பக்கம் திரும்பினார்.

"உனக்கும் ஒரு மெமோ வேணும்னா சொல்லு." லீலாவதியிடம் ஒரு தாளை நீட்டினார். "சனிக்கிழமைக்குள்ள தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடு. இல்லேன்னா வேலை கிடையாது. வேலை இல்லாதவங்களுக்கு லைன்ல வீடு எதுக்கு?"

ஒத்துக்கொண்டால் திருடி. ஒத்துக்கொள்ளாவிட்டால் தெரு. புருஷன் இறந்தபின், எஸ்டேட் கொடுத்த அந்த ஒற்றை அறை லைன் வீடு அவளுடைய வேலையை நம்பித்தான் நிற்கிறது. மகள் ரேஷ்மா அங்கிருந்துதான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்வருகிறாள். லீலாவதி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

மத்தியானம் விரல் மரத்தபோது பழக்கத்தில் மூட்டைக்குள் கையை விட்டாள். சூடு. இன்னும் ஆழமாக, முழங்கை வரை விட்டாள். அங்கே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தாள். காலையில் அவளே வெட்டிய இலை, ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏ உமா, இங்க வந்து கைய வுடு."

உமாராணி கையை விட்டாள். உடனே எடுத்தாள்.

"அடக் கொடுமையே" என்றாள் உமாராணி. "வேகுற சோத்துல கைய வெச்சா குளிர் காஞ்சோம்?"

நடப்பது இதுதான். செடியிலிருந்து வெட்டிய பிறகும் இலை செத்துவிடுவதில்லை. பல மணி நேரம் மூச்சு விடுகிறது. மூச்சு விட்டால் நம் உடம்பைப் போலவே அதுவும் சூட்டை வெளியே விடும். பரப்பி வைத்தால் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். அமுக்கிக் கட்டினால் சூடு போக வழியில்லை. ஒரு இலையின் சூடு அடுத்த இலையைச் சுடும். நசுங்கிய இலை முதலில் சிவக்கும். அதில் எப்பேர்ப்பட்ட மிஷினைப் போட்டு அரைத்தாலும் மந்தமான, புளித்த டீதான் வரும். டிராக்டரின் இரண்டு நடைகள் பெண்களின் முதுகை மட்டும் காப்பாற்றவில்லை. இலையையும் அவைதான் காப்பாற்றின. முதுகை ஒடித்த அதே ஏற்பாடு தூளையும் கெடுத்தது.

சாயங்காலம் லைன் குழாயடியில் பொன்ராஜிடம் கேட்டார்கள். ஃபேக்டரியில் இலையைத் தொட்டியில் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டுகிறவர் அவர்.

"மூட்டையப் பிரிச்சா ஆவி வருதுங்க" என்றார் பொன்ராஜ். "ஜூன்லயே மேனேஜர்கிட்டச் சொன்னேன். உன் ஃபேன் சுவிட்ச மட்டும் பாருன்னாரு."

"அப்பத் தெரிஞ்சேதான் எம்மேல போடறாரா?"

பொன்ராஜ் குடத்தை இறக்கி வைத்தார். "அப்பறம் வாய மூடிட்டு இருந்தது என் தப்புத்தானுங்க."

குழாயடியில் கூட்டம் சேர்ந்தது. வேலையை நிறுத்தலாம் என்றார்கள் சிலர். நிறுத்தினால் அதையே சாக்காக வைத்து எல்லாரையும் வெளியே தள்ளுவார் என்றார்கள் மற்றவர்கள். கூட்டத்தில் நின்ற மயில்சாமியின் பெண்சாதி, "ஒருத்திக்கு வந்த மெமோ. எழுதிக் குடுத்துட்டு அவ பொழச்சுக்கட்டும்" என்றாள்.

"நேத்து எம்பட மூட்டையில இருந்து எடுத்தாரு. உன்னுத அவுத்துப் பாத்தியா?" என்றாள் லீலாவதி.

அந்தப் பெண் குழாயை மூடினாள்.

"வெட்டறத நிறுத்த வேண்டாம்" என்றாள் லீலாவதி. "எலையக் கெடுக்கறவங்கன்னு பேர் வந்துருச்சு. கெடாம வெட்டிக் காட்டுவோம். பத்து மணிக்கு இறக்குவோம். டிராக்டர் வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி."

சனிக்கிழமை பத்து மணிக்கு நாற்பத்திரண்டு பெண்களும் சரிவிலிருந்து இறங்கினார்கள். கொட்டகை நிழலில் படங்குகளை விரித்து இலையைப் பரப்பினார்கள். ஒரே ஒரு மூட்டையை மட்டும் அமுக்கிக் கட்டியபடி வைத்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். ராஜசேகர் காலையிலிருந்து காட்டில்தான் இருந்தார். பதினொன்றரைக்கு ரமணனின் ஜீப் வந்தது.

"என்ன, பிக்னிக்கா?"

"எலைய மூச்சு வுட வெச்சிருக்கோங்க சார்" என்றாள் லீலாவதி. கட்டிய மூட்டையை அவர் முன்னால் இழுத்து வைத்தாள். "இது காத்தால ஏழு மணி எல. உள்ள கைய வுட்டுப் பாருங்க. அப்பறம் நான் எழுதித் தர்றேன்."

"எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"கைய மட்டும் வுடுங்க சார்."

ரமணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ராஜசேகர், இவங்க பேரெல்லாம் எழுது."

ராஜசேகர் பேனாவை எடுத்தார். மூட்டையைப் பார்த்தார். குனிந்து வாயை அவிழ்த்துக் கையை விட்டார். வெளியே வந்த கையில் சிவந்த இலை ஒட்டியிருந்தது.

"சுடுதுங்க சார்" என்றார். "இது காத்தால நான் பாக்க வெட்டுன எலைங்க. பழசு இல்ல."

"உன்னை எழுதத்தான் சொன்னேன்."

"எழுதறேனுங்க. இதையுஞ் சேத்து எழுதறேன்."

ரமணன் ஜீப்பில் ஏறினார். "டிராக்டர் வராது. ஃபேக்டரி கேட்டைப் பூட்டச் சொல்றேன். மொத்த இலையும் இங்கயே அழுகட்டும். திங்கட்கிழமை யார் யாருக்கு வேலைன்னு பாக்கலாம்."

ஜீப்பின் சத்தம் தேய்ந்தது. சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். லீலாவதி பரப்பிய இலையைப் புரட்டினாள். பச்சையாக, குளிர்ச்சியாக இருந்தது.

"இத அழுக வுட்டா அவரு சொன்னதுதானுங்க உண்மையாகும். நாமளே ஃபேக்டரிக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்றாள்.

அமுக்காமல், பாதி பாதியாக மூட்டைகளில் அள்ளினார்கள். பாதி மூட்டை தலையில் இலேசாக நின்றது; நிமிர்ந்து நடக்க முடிந்தது. தார் ரோட்டில் வரிசையாக இரண்டு கிலோமீட்டர். முன்னால் லீலாவதி. கடைசியில் எடைத் தராசைத் தோளில் தூக்கியபடி ராஜசேகர்.

ஃபேக்டரி கேட் பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம் என்றார் வாட்ச்மேன், தரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் மதிலோரம் மூட்டைகளோடு நின்றார்கள். அசையவில்லை. மழை தூறத் தொடங்கியது.

முதலில் ஒரு ஏணியின் நுனி மதிலுக்கு மேலே தெரிந்தது. பிறகு பொன்ராஜின் தலை. அவருக்கு இருபுறமும் டிரையர் ஆட்கள், அரைவை மிஷின் ஆட்கள், ஒவ்வொருவராக மதில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஃபேன் ஓடுதுங்க லீலாக்கா" என்றார் பொன்ராஜ், இரண்டு கைகளையும் கீழே நீட்டி. "தொட்டி காலியா இருக்குது. ஒவ்வொண்ணா குடுங்க."

லீலாவதி மூட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.