பத்து லட்சத்து ஒன்று

...தொண்ணூற்றேழோடு ஏன் நிறுத்தினார்? தேர்வறையின் நடுவில் நின்றபடியே கணக்கு சாருக்குக் காது சுட்டது. பத்து லட்சத்து ஒன்று, அவருடைய செல்லப்பிள்ளை, முன்னாலிருந்து எழுதினாலும் பின்னாலிருந்து எழுதினாலும் ஒன்றேதான், பகா எண், எவனாலும் வகுக்க முடியாது என்று நேற்று ஆசிரியர் அறையில் மார்தட்டினாரே... இரண்டு இலக்கம் வரைக்குமான பகா எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தார், ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று தொண்ணூற்றேழு வரைக்கும், எதற்கும் மசியவில்லை, போதும் என்று விட்டுவிட்டார். ஆயிரம் வரை போக வேண்டும் என்று தெரியாதா? தெரியும். சோம்பேறித்தனம், வேறென்ன. இப்போது, வராத பிள்ளையின் மேசையில் கிடந்த வினாத்தாளைச் சும்மா எடுத்தால், எக்ஸ் கனம் கூட்டல் ஒன்றைக் காரணிப்படுத்துக என்கிறது. எக்ஸுக்கு நூறு போட்டால்? நூறின் கனம் பத்து லட்சம், கூட ஒன்று... அடப்பாவி, எக்ஸ் கூட்டல் ஒன்று, அதாவது நூற்றொன்று, ஒரு காரணி, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று இன்னொன்று! வருடாவருடம் கரும்பலகையில் எழுதி அழிக்கிற சூத்திரம், இவர் கையாலேயே.

அதோ, ஜன்னலோரம் புது கணக்கு டீச்சர், இவரோடு சேர்ந்து மேற்பார்வை. நேற்று என்ன சொன்னார் பாவம், "அது வகுபடும்னு நினைக்கிறேன் சார்", அவ்வளவுதானே? இவர் எல்லார் காதிலும் விழட்டும் என்றே குரலை உயர்த்தி, "நினைக்கிறதுக்குப் பேரு கணக்கு இல்லம்மா, போய் வாய்ப்பாடு படிச்சிட்டு வாங்க" என்றார். அறையே சிரித்தது, இயற்பியல் சார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், டீச்சர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். எதற்கு அந்த வீறாப்பு? எண்ணின் மேல் ஆசையா, இல்லை, பிள்ளைகள் எல்லாம் இப்போது சந்தேகம் கேட்க டீச்சரிடமே ஓடுகிறார்களே, அந்த எரிச்சலா... எரிச்சல்தான். சீ, என்ன மனுஷன் நான்.

பூனை நடை நடந்து ஜன்னலோரம் போனார். "டீச்சர்... நேத்து நீங்க சொன்னதுதான் சரி, நூத்தி ஒண்ணால வகுபடுது." "தெரியும் சார்," என்றார் அவரும் கிசுகிசுப்பாக, "நேத்தே தெரியும்." "தப்பு என்மேலதான், மனசுல வெச்சுக்காதீங்க." "பரவாயில்ல சார், பிள்ளைங்க எழுதுறாங்க..." அப்பாடா, பாரம் இறங்கியது, மணி அடித்தது, விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் இயற்பியல் சார், "வாங்க பத்து லட்சம்! என்ன, டீச்சர் வாய்ப்பாடு ஒப்பிச்சாங்களா?" என்று கத்துகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், டீச்சர் குனிந்து கட்டைப் பிரிக்கிறார். இதோ இப்போது சொல்லலாமே, நேற்றுப் போலவே உரக்க... வாயைத் திறந்தார், வந்தது சிரிப்பு, அவர்களோடு சேர்ந்த சிரிப்பு. பேசவே கூடாத அறையாகப் பார்த்துத்தானா மன்னிப்புக் கேட்கப் போனோம்?