கொடியின் மடிப்புகள்

ஷண்முகப்ரியா ஆக்ஸிஜன் மிஷினை அணைத்தாள். எட்டு மாதமாக ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. பொன்ராஜின் மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். அது அழுத்திய தடம் இரண்டு கன்னங்களிலும் கோடாகப் பதிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

காலை மணி ஆறரை. கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தபோது மூச்சு இருந்தது. தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு டம்ளரை எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

நுரையீரல் இறுகிப்போகும் நோய். கடைசியில் திணறல் கடுமையாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று பொன்ராஜ் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியுமா என்று அவள் தினமும் பயந்துகொண்டிருந்தாள்.

கே.கே. நகரிலிருந்த நாத்தனாருக்கு போன் செய்தாள்.

"புஷ்பம், உங்க அண்ணன் போயிட்டாங்க."

"கஷ்டப்பட்டாங்களா மைனி?"

"இல்ல. கஷ்டப்படல."

புஷ்பம் வந்துசேர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். பிள்ளைகள் இல்லாத வீடு. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரே மேஜையில் அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது.

அசோக் நகரில், பழைய படச்சுருள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்கிற ஸ்டுடியோவில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. போன வருடம் ஒரு கல்லூரியின் சாமான் அறையிலிருந்து ஒரு சுருள் வந்தது. மனிதன் முதன்முதலாக நிலவில் இறங்கிய படத்தின் பிரதி. தூசி, கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் பிரேம் பிரேமாக நீக்க வேண்டும். பொன்ராஜைத் தனியே விட முடியாமல் போனதும், முதலாளி வெங்கடேஷ் கம்ப்யூட்டரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

பொன்ராஜ் பாண்டி பஜார் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் முப்பத்தொரு வருடம் சேல்ஸ்மேனாக இருந்தவர். நிலவுக்கு யாருமே போகவில்லை என்பது அவர் கட்சி. காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படிப் பறக்கும் என்று போனில் வந்த வீடியோவைக் காட்டிக் காட்டிக் கேட்பார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால், "எவனோ எடுத்த பொய்ய இவ உக்காந்து தொடச்சிக்கிட்டிருக்கா" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. மருந்து, சாப்பாடு, கரண்ட் பில். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு இல்லாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடி நடுகிற காட்சி வந்தது. கொடித் துணியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கம்ப்யூட்டர் அவற்றைக் கீறல் என்று குறித்திருந்தது. அவளும் நம்பி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனாள். முந்நூறு பிரேம் முடிந்திருக்கும்.

"அத ஏன் அழிக்கே?" என்றார் பொன்ராஜ், பின்னால் கட்டிலிலிருந்து.

"கீறல்."

"கீறல் இல்ல. மடிப்பு. பழையபடி காட்டு."

சுத்தம் செய்யாத படத்தைப் போட்டாள். அவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். ஓடிப்போய்த் தலையணையை அண்டக்கொடுத்தாள். மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

"நைலான்." மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது. "சின்னதா மடிச்சு, நாள்கணக்குல அமுக்கி வச்சிருந்த துணி. மேல குறுக்கக் கம்பி கோத்து விரிச்சிருக்கான். மடிப்பு அப்படியே நிக்குது பாரு. காத்து அடிச்சா அது நெளிஞ்சுக்கிட்டேல்லா இருக்கும்? அந்த ஆளு கைய எடுத்த பொறவு ஒரு மடிப்பு அசையல."

சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னது அவருக்கே உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க காத்து இல்ல" என்றார். அப்புறம், "போயிருக்காங்க பிரியா."

சாயங்காலம் வரை, அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். அவர் கண்ணயர்ந்து விழிக்கும்போதெல்லாம் எவ்வளவு முடிந்தது என்று விசாரித்தார். இந்தப் பொறுமை தன்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கும் கிடையாது என்று ஒரு தடவை சொன்னார். கல்யாண வீட்டுப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புஷ்பத்தின் அழுகுரல் படியேறி வந்தது.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். ஜவுளிக் கடையில் கூட வேலை பார்த்த கருணாகரன் கோடி வேட்டியோடு வந்து, பொன்ராஜின் மேல் போர்த்திவிட்டு, ஓரத்துச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். வெங்கடேஷ் மாலை போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். படத்தைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. அவளாகத்தான் அவரிடம் போனாள்.

"கொடி வர்ற எடத்துல இருக்கிற கோடெல்லாம் கீறல் இல்ல சார். துணியோட மடிப்பு. யாரும் கை வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

அவர் தலையாட்டினார். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அவங்கதான் பாத்துச் சொன்னாங்க."

வெங்கடேஷ் பொன்ராஜ் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போய், பொன்ராஜின் தலைமாட்டில் சற்று நேரம் நின்றார்.

இரண்டு மணிக்குக் கண்ணம்மாபேட்டை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். கொள்ளி வைக்கப் புஷ்பத்தின் மகன் போனான். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஷண்முகப்ரியா தலைக்குக் குளித்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து வந்த ரசம் சாதத்தைச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். புஷ்பம் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போட்டாள்.

கொஞ்சம் படுக்கச் சொன்னார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காற்று பட்டாலே பொன்ராஜுக்கு இருமல் வந்துவிடும். இந்தச் சித்திரையிலும் அந்த அறை விசிறி ஒன்றாம் நம்பருக்கு மேல் போனதில்லை. கீழே படுத்திருந்த அவளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பினாள். விசிறி தடதடவென்று வேகமெடுத்தது. வெறும் தரையில் கைகளை விரித்து மல்லாந்தாள். ஈரத் தலைமயிர் பறந்து முகத்தில் விழுந்தது. அவள் அதை ஒதுக்கவில்லை.