காவலாளியின் அக்கா

கல்லாற்றில் குளிக்கப் போன இடத்தில் வாய்த் தகராறு முற்றி, கூட்டுக்காரன் ஒருவன் பிடித்துத் தள்ள, பிரஜின் பாறையில் தலையடித்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தள்ளியவன் போலீஸ் ஸ்டேஷனில் பிரஜினின் அக்கா ஜெஸ்லினின் காலைப் பிடித்துக்கொண்டு, "சும்மா தள்ளினதுதான், அக்கா" என்று கதறினான். தம்பியைப் பறிகொடுத்தவள் அவனுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

மழைக்காலம் கழிந்த பிறகுதான், வலியசாலையில் கேசவின் வீட்டுக்கு அவள் மறுபடி விளையாடப் போனாள். பகடை உருட்டி, வாயாலேயே கதை நடத்தும் விளையாட்டு. கேசவும் ஆஷாவும் வீரர்கள். எதிரிகள், ஊர், விதி எல்லாம் கேம் மாஸ்டரான ஜெஸ்லின் பொறுப்பு. பிரஜின் ஆடிய வில்லாளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கோட்டை வாசலில் ஒரு காவலாளி வழிமறித்தான். கேசவ் வாளின் பிடியால் அவன் மண்டையில் ஒன்று போட்டான். பகடை நன்றாக விழுந்தது. காவலாளியின் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்துபோயின. கொன்றாயா, மயங்க வைத்தாயா என்று இந்த இடத்தில் அடித்தவனிடம் கேட்க வேண்டும். அவன் சொல்வதுதான் நடக்கும், அதுதான் விதி.

ஜெஸ்லின் கேட்கவில்லை.

"மயக்கம் போதும், சேச்சி" என்று கேசவே சொன்னான்.

"செத்துட்டான்."

"அதெப்படி? நான் கொல்லலையே. ரூல்படி நான்தானே..."

"தலை கல்லுல பட்டுச்சு, கேசவ். பிறவு நீ என்ன நெனச்சா என்ன?" அவள் குரல் உடைந்தது. "யாரு வந்து உங்கிட்ட கேப்பா?"

ஆஷா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்திக்கலாம், ஜெஸ்லின்" என்றாள். ஜெஸ்லின் வேண்டாமென்று தலையசைத்தாள்.

கேசவ் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் வாளைக் கீழ போட்டுடறேன். அவனைத் தூக்கிண்டு அவன் வீட்டுக்குப் போறேன். அங்க யார் இருக்கா?"

"ஒரு அக்கா உண்டு."

"என்ன சொல்றா?"

ஜெஸ்லின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது.

"ஒண்ணும் சொல்லல்ல. பாய விரிக்கா. தம்பியப் பையக் கிடத்தச் சொல்லுதா."

"கிடத்தறேன், சேச்சி."

அன்றைக்கு அதோடு விளையாட்டு நின்றது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேசவ் அவளுடன் நடந்து வந்தான்.